கண்டெடுத்த பணத்தை எங்கே வைப்பது?

கடந்த ஐப்பசியில் ஒரு மாலை, திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து பேட்டை வழியாகச் சேரன்மகாதேவி செல்லும் நகரப் பேருந்தில் என் காலடியில் ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து எடுத்துப் பார்த்தால், சாயம் மங்கிய அரக்கு நிறச் சுருக்குப்பை. வாயில் இரட்டைக் கயிறு. கயிற்றின் ஒரு நுனியில் பாசிமணி இருந்தது, மறு நுனியில் அது அறுந்து போயிருந்தது. உள்ளே 500 ரூபாய் நோட்டுகள் 14, 100 ரூபாய் நோட்டுகள் 4, காய்ந்த வெற்றிலை ஒன்று, பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணச்சீட்டு ஒன்று. பெயரோ கைபேசி எண்ணோ எதிலும் இல்லை.

பக்கத்தில் இருந்த பெரியவர் பையை ஒரு முறை பார்த்துவிட்டு, "நமக்கு எதுக்கு வம்பு அண்ணாச்சி? நெல்லையப்பர் கோயில் உண்டியல்ல போட்டுருங்க, புண்ணியமாவது மிஞ்சும்" என்றார். முன் இருக்கைப் பெண் காவல் நிலையத்தில் கொடுக்கச் சொன்னார். இன்னொருவர், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிடும் என்றார். வைத்துக்கொள்ளுங்கள் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; ஆனால் அந்த எண்ணம் என் மனத்தில் ஒரு கணம் வந்து போனதை மறைக்க விரும்பவில்லை. மாதக் கடைசி அது.

இப்படிப்பட்ட பணத்தைப் பற்றிப் பேசும்போது, எடுத்தவருடைய மனச்சாட்சியைச் சுற்றியே பேச்சு நடக்கிறது: அவருக்குப் பாவமா, புண்ணியமா, வம்பு வருமா, பேர் கிடைக்குமா என்று. தொலைத்தவர் அந்தப் பேச்சில் எங்குமே இருப்பதில்லை. நான் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியால் அளந்து பார்க்கிறேன்: தொலைத்தவர் வந்த வழியே திரும்பித் தேடிக்கொண்டு வரும்போது, அந்தப் பணம் அவர் கேட்கக்கூடிய இடத்தில் இருக்குமா?

எடுத்தவரே வைத்துக்கொள்ளும் வழியை முதலில் பார்ப்போம். 'கீழே கிடந்தால் எடுத்தவனுக்குச் சொந்தம்' என்று நம்மில் பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் கொள்பவருக்கு, ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காத்து வைத்திருப்பவருக்கு உள்ள அதே கடமை உண்டு என்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆம் பிரிவோ, உரியவர் யாரெனத் தெரிந்திருந்தும், அல்லது தெரிந்துகொள்ள வழி இருந்தும், அல்லது நியாயமான அளவு தேடி, நியாயமான காலம் காத்திருப்பதற்கு முன்பே, கண்டெடுத்ததைத் தனதாக்கிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது; தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவில் குறைந்தபட்சத் தண்டனை என்று ஒன்று இல்லை, இப்போது இருக்கிறது.

அந்தப் பிரிவுக்கு உதாரணங்களாகத் தரப்பட்டுள்ளவை, நாட்டுப்புறத்துப் பஞ்சாயத்தில் பேசுவது போலத் தெளிவானவை. நெடுஞ்சாலையில் கிடக்கும் ஒரு ரூபாயை, யாருடையது என்று தெரியாமல் எடுப்பவர் குற்றம் செய்யவில்லை. ஒருவர் பர்ஸைத் தவறவிடுவதைக் கண்ணால் கண்டு, கொடுத்துவிட வேண்டும் என்றே எடுத்து, பிறகு மனம் மாறி வைத்துக்கொள்பவர் குற்றவாளி. விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேட எந்த முயற்சியும் செய்யாமல் உடனே விற்பவரும் குற்றவாளிதான். ஆக, எடுப்பது குற்றமில்லை. தேடாமல் தனதாக்குவதே குற்றம். ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதிக் கூட்டத்தில் காலடியில் மிதிபடும் 20 ரூபாய் நோட்டுக்கு உரியவரைத் தேடுவது யாராலும் ஆகாது. அதை எடுப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய நோட்டுக்கட்டு அப்படியல்ல. அதைக் கட்டியவர் எண்ணிக் கட்டியிருக்கிறார், ஒரு காரியத்துக்கென்று கட்டியிருக்கிறார், இந்நேரம் தேடிக்கொண்டும் இருக்கிறார்.

வைத்துக்கொள்வதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றை மட்டும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அது எடுத்தவருடைய வறுமை. பிள்ளைக்குக் காய்ச்சல், கையில் காசில்லை, எதிரே 500 ரூபாய் கிடக்கிறது என்றால், அந்தக் கை தடுமாறுவதை வசதியுள்ள ஒருவர் தூரத்திலிருந்து கண்டிப்பது அழகல்ல. ஆனாலும் தன் நெருக்கடி அவருக்குத் தெரிவதுபோல, தொலைத்தவரின் நெருக்கடி அவருக்குத் தெரியாது. பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றிச் சேர்த்த பணம் எப்படி இருக்கும், மகளிர் குழுத் தவணைக்கு எடுத்துப் போகும் பணம் எப்படி இருக்கும் என்று நோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. இந்தப் பக்கத்து நகரப் பேருந்துகளிலும் சந்தைகளிலும் தொலையும் பணத்தில் பெரும்பகுதி, எடுப்பவரைப் போன்றே நெருக்கடியில் உள்ளவருடையதாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

'இந்தக் காலத்தில் யார் திருப்பித் தருகிறார்கள்?' என்ற பேச்சுக்கு, 2019இல் வெளியான ஓர் ஆய்வு நல்ல மறுமொழி. 40 நாடுகளில், 355 நகரங்களில், 17,000க்கும் மேற்பட்ட பர்ஸுகளை வங்கி, விடுதி, அஞ்சலகம் போன்ற இடங்களின் வரவேற்பு மேசையில் இருந்தவர்களிடம் 'வெளியே கிடந்தது' என்று கொடுத்துவிட்டு, எத்தனை பேர் உரியவரைத் தொடர்பு கொள்கிறார்கள் என்று பார்த்தார்கள்; இந்தியாவும் அந்த நாடுகளுள் ஒன்று. பணமில்லாத பர்ஸுகளுக்குச் சுமார் 40 விழுக்காட்டினரும், பணமிருந்தவற்றுக்குச் சுமார் 51 விழுக்காட்டினரும் தொடர்பு கொண்டார்கள். அமெரிக்கா, பிரிட்டன், போலந்து ஆகிய மூன்று நாடுகளில் இன்னும் பெரிய தொகை வைத்துப் பார்த்தபோது அந்த அளவு 72 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. தொகை கூடக்கூட, அதை வைத்துக்கொள்வது திருட்டு என்ற உணர்வும் கூடுகிறது என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களுள் ஒன்று. நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து ரூபாயைக் கூசாமல் எடுப்பவர் பத்தாயிரத்தைக் கண்டால் நாலு பேரைக் கூப்பிடுகிறார்.

தொடாமல் போய்விடுவது இரண்டாவது வழி. 'கிடக்கிற காசை எடுத்தால் அவன் பீடையும் கூட வரும்' என்று சொல்லி வளர்த்த ஆச்சிகளின் பேரப்பிள்ளைகள் நாம். பணம் தொலைத்தவர் கோயிலில் காசு வெட்டிப் போட்டு எடுத்தவரைச் சபித்துவிடுவார் என்ற அச்சமும் தென்பாண்டிச் சீமையில் இன்னும் இருக்கிறது. தொடாதவர் மீது எந்தக் குற்றமும் இல்லைதான். ஆனால் ஓடும் பேருந்தில் விட்டுவிட்டு இறங்கினால், அடுத்து அங்கே உட்காருபவர் எப்படிப்பட்டவரோ அப்படித்தான் அந்தப் பணத்தின் கதி. கடைக்குள்ளோ மருத்துவமனை வரிசையிலோ, இப்போதுதான் எழுந்து போனவர் இரண்டு நிமிடத்தில் திரும்பி வருவார் என்ற நிலையில், பணத்தைத் தொடாமல் அதன் அருகே நின்றுகொள்வது மிக நல்லது. நிற்க நேரமில்லாதவர் அந்த இடத்துப் பொறுப்பாளரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டாவது போக வேண்டும்.

மூன்றாவது வழிதான் எங்கள் பக்கத்தில் பலருக்கு மிகவும் பிடித்தது. எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் அதுதான். உண்டியலில் போட்டுவிடுவது.

என் தகப்பனார் களக்காட்டுப் பக்கம் வாழை போட்டவர். 1998இல் ஒரு நாள் திருநெல்வேலி மண்டியில் தார்களைப் போட்டுவிட்டு, கிடைத்த 8,600 ரூபாயைத் துண்டில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு சந்து வழியாகப் பேருந்து நிலையத்துக்கு நடந்தார். வந்து சேர்ந்தபோது இடுப்பில் ஒன்றுமில்லை. குத்தகைப் பாக்கியும் உரக்கடைப் பாக்கியும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருந்தன. அன்று இரவு வரை அந்தச் சந்து வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தார். மறுநாளும் அதற்கு மறுநாளும் போனார். முனையில் இருந்த டீக்கடையில் கேட்டார், சுமை இறக்குபவர்களிடம் கேட்டார், மண்டிக் கணக்கப்பிள்ளையிடம் ஐந்து முறையாவது கேட்டிருப்பார். அந்த ஆண்டு குத்தகை நிலத்தில் பாதியை விட்டுக்கொடுத்தோம். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில், மண்டியில் வேலை பார்த்த ஒருவர் பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த நாட்களில் அதே சந்தில் துண்டில் முடிந்த ஒரு பணமுடிச்சு கிடந்தது, எடுத்தவர் பயபக்தியோடு கற்பூரம் ஏற்றி உண்டியலில் செலுத்திவிட்டார், எவ்வளவு நல்ல மனுஷன் என்று பெருமையாகச் சொன்னார். அது எங்கள் பணமேதான் என்று நான் சாதிக்க மாட்டேன். என் தகப்பனார் அவரைக் கோபிக்கவில்லை. "அந்த டீக்கடையில கொடுத்திருந்தா போதும்ல" என்று மட்டும் சொன்னார். அந்தச் சந்திலிருந்து டீக்கடை பதினைந்தடி தூரம்.

பயபக்தியோடு போட்டவர் ஒரு காசைக்கூடத் தனக்கென்று எடுக்கவில்லை; பணத்தாசை இல்லாதவர்தான். ஆனால் தொலைத்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால், அந்தப் பணத்தைக் கொண்டுபோய் ஒருவர் குடித்துத் தீர்த்ததற்கும் உண்டியலில் போட்டதற்கும் வித்தியாசம் ஏதுமில்லை. இரண்டிலும் அவருக்குத் திரும்ப வழியில்லை. பிறருடைய பணத்தைக் கொண்டு தானம் செய்யும் உரிமையை நமக்கு யார் தந்தது? தானம் என்றால் கொடுப்பவருடைய பொருளாக இருக்க வேண்டும். உண்டியலில் விழுந்ததை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, 2024 டிசம்பரில் திருப்போரூர் கந்தசுவாமி கோயில் உண்டியலில் தவறி விழுந்த ஐபோனின் கதை சான்று. போனுக்கு உரியவர் யார் என்பதில் ஐயமே இல்லை. அவரே வந்து கேட்டார். உண்டியலில் சேர்ந்தது கோயிலுக்குரியது என்ற விதியைச் சுட்டி, போனிலுள்ள தகவல்களை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றே அறநிலையத்துறையினர் அப்போது சொன்னார்கள். பெயர் தெரிந்த பொருளுக்கே இந்த நிலை என்றால், அடையாளமில்லாத நோட்டுக்கட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கோயிலுக்கும் அநாதை இல்லத்துக்கும் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தேட வேண்டிய அளவு தேடி, காத்திருக்க வேண்டிய காலம் காத்திருந்து, இனி உரியவர் வரமாட்டார் என்று நேர்மையாக நம்பும் நிலை வந்த பிறகு, அந்தப் பணம் போகத்தக்க இடங்களில் அவை முதலில் நிற்கும். அதே கோயிலில் உண்டியலுக்குப் பதிலாகக் கோயில் அலுவலகத்தில் கொடுத்துச் சொல்லி வைத்தால், அது முற்றிலும் வேறு செயல். பிரகாரத்தில் தொலைத்தவர் அங்கேதான் வந்து கேட்பார்.

கையிலேயே வைத்துக்கொண்டு உரியவரைத் தேடுவது அடுத்த வழி. இதில் நாம் இஸ்லாமிய நெறியிடமிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கண்டெடுத்தவர் முதலில் அந்தப் பையையும் அதன் கட்டையும் அடையாளம் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓராண்டுக் காலம் அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகு அதைச் செலவழித்திருந்தாலும், உரியவர் வந்து அடையாளம் சொன்னால் ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். பையின் வாய்க்கட்டு எப்படி இருந்தது என்பதைக் கேட்டே உண்மையான ஆளைக் கண்டுபிடிக்கும் அந்த நுட்பம், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பும் இன்றைய பழக்கத்துக்கு நேர்மாறானது. பையையும் நோட்டையும் தொகையையும் படத்தோடு பரப்பிவிட்டால், பிறகு வந்து கேட்பவரிடம் கேட்க நம்மிடம் என்ன கேள்வி மிஞ்சும்? 'இன்ன நாள், இன்ன தடத்துப் பேருந்தில் ஒரு பை கிடைத்தது, அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்' என்ற அளவில் அறிவிப்பு நிற்க வேண்டும். பணத்தை எடுத்துச் செலவழித்துவிட்டு வேறு நோட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் கூடாது. சில நேரம் அந்த நோட்டே அடையாளம்.

இந்த வழியின் குறை, வீட்டில் இருக்கும் பணம் நாளாக நாளாக வீட்டுப் பணமாகிவிடுவதுதான். முதல் வாரம் அலமாரியில் தனியாக இருக்கும். அடுத்த மாதம் பால்காரருக்குச் சில்லறை இல்லையென்று ஒரு நோட்டு வெளியே வரும். ஆகவே, அந்த இடத்தில் ஒப்படைக்கப் பொறுப்பானவர் யாருமே இல்லாத நிலையில் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம் என்பேன்.

பணம் கிடைத்த இடத்துக்கு உரியவர்களிடம் ஒப்படைப்பதும், காவல் நிலையத்தில் ஒப்படைப்பதும் மிஞ்சுகின்றன. உண்மையான போட்டி இவை இரண்டுக்கும் இடையில்தான். காவல் நிலையத்தின் பலம் எழுத்தும் சாட்சியும். பெருந்தொகை, நகை, நிலப்பத்திரம் போன்றவை என்றால் வேறு யோசனையே வேண்டாம். நிலையத்தில் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும், அது எடுத்தவருக்கும் பாதுகாப்பு. உரியவர் யாரெனத் தெரியாத பொருளுக்கு நீதித்துறை நடுவர் வழியாக அறிவிப்புச் செய்து, ஆறு மாதம் வரை உரிமை கோர வாய்ப்பளிக்கும் நடைமுறை உண்டு. ஒருவரும் வராவிட்டால் அது அரசின் வசம் போகும். ஜப்பானில் மூன்று மாதத்துக்குள் உரியவர் வராவிட்டால் பொதுவாகக் கண்டெடுத்தவருக்கே கிடைக்கும். வந்தால் 5 முதல் 20 விழுக்காடு வரை வெகுமதி தரவேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. நம் சட்டத்தில் அப்படி விழுக்காடு ஏதுமில்லை. தொலைத்தவர் வெகுமதி அறிவித்திருந்தால் அதைக் கேட்டுப் பெறலாம், பொருளைக் காக்கவும் உரியவரைத் தேடவும் ஆன செலவு தரப்படும் வரை பொருளை வைத்திருக்கலாம், அவ்வளவுதான். நம் நாட்டிலும் ஒரு விழுக்காட்டை வரையறுத்தால் தடுமாறும் கைகள் சில நேர்வழிக்கு வரும் என்று நான் நினைக்கிறேன்.

காவல் நிலையத்தின் குறை அங்குள்ளவர்களின் குறையல்ல. சுருக்குப்பையைத் தொலைத்த ஒரு கிராமத்து மூதாட்டி நிலையத்துப் படியேறத் தயங்குவார். ஏறினாலும், ஓடும் பேருந்தில் தொலைந்ததற்கு எந்த நிலையத்தில் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அவர் முதலில் போவது தான் உட்கார்ந்த கடைக்கு, ஏறிய நிறுத்தத்துக்கு, இறங்கிய பேருந்து நிலையத்தின் நேரக் காப்பாளரிடம். என் தகப்பனார் செய்ததும் அதுதான். எனவே சிறு தொகை, நடுத்தரத் தொகைகளுக்கு, கிடைத்த இடத்துப் பொறுப்பாளரிடமே, இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி, நோட்டுப் புத்தகத்தில் எழுதவைத்துக் கொடுப்பதை நான் முதலாவதாக வைக்கிறேன்: பேருந்தென்றால் நடத்துநர் வழியாகப் பணிமனை, ரயிலென்றால் ரயில்வே பாதுகாப்புப் படை, மேலப்பாளையம் செவ்வாய்ச் சந்தையென்றால் சந்தைக் கட்டணம் வசூலிக்கும் இடம். கொடுக்கும்போது நம் கைபேசி எண்ணையும் எழுதிவிட வேண்டும். வாங்குபவர் எழுத மறுத்தால் மட்டும் நேரே காவல் நிலையத்துக்குப் போகலாம்.

வங்கிக் கணக்குக்குத் தவறி வரும் பணத்துக்கு இந்தக் குழப்பங்கள் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவின்படி, பிழையாகச் செலுத்தப்பட்டதைப் பெற்றவர் திருப்பித் தந்தாக வேண்டும். யார் அனுப்பியது என்பதும் பதிவில் இருக்கிறது. ஆனால் 'தவறி அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று அழைப்பவரை நம்பி அனுப்பி ஏமாந்தவர்கள் பலர். வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து, வங்கி வழியாகவே திருப்ப வேண்டும். ஏ.டி.எம். வாயில் நீட்டிக்கொண்டு நிற்கும் பணமும் அப்படியே. எந்த நேரத்தில் யார் அட்டை போட்டார் என்பது வங்கிக்குத் தெரியும்.

அன்று பேருந்தில் நான் நடத்துநரைக் கூப்பிட்டேன். அவர் அந்தக் கட்டணமில்லாச் சீட்டின் எண்ணைத் தம் பதிவுத் தாளோடு ஒப்பிட்டு, "இது போன நடையில டவுன்ல ஏறினவங்க அண்ணாச்சி, நம்ம வண்டிதான்" என்றார். ஒரு துண்டுச் சீட்டால் தேடும் வட்டம் அவ்வளவு சுருங்கியது. முன் இருக்கைப் பெண்ணையும் பெரியவரையும் சாட்சியாக வைத்து எண்ணினோம். சேரன்மகாதேவி பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர் தொகையை எழுதி, நான் கையெழுத்திட்டு, எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தேன். இரவெல்லாம், தொலைத்தவர் டவுனுக்குப் போய்த் தேடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் விடவில்லை.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு நேரக் காப்பாளர் அழைத்தார். பொழுது விடியும் முன்னே ஒரு ஆச்சி வந்து அலுவலகப் படியில் உட்கார்ந்திருந்தாராம். எவ்வளவு என்று கேட்டதற்கு 7,500 என்றாராம், எழுதியிருந்ததோ 7,400. இவர் தயங்கியிருக்கிறார். ஆச்சி கொஞ்ச நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "டவுன்ல மருந்துக்கு நூறு கொடுத்தேம்லா ஐயா, அதை மறந்துட்டேன்" என்று சொல்லி, முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ மேசையில் வைத்திருக்கிறார். கயிற்றிலிருந்து அறுந்து விழுந்த அந்த இன்னொரு பாசிமணி.